நொதி வேக அளவீடு: 12 குழிக்கு இரண்டே செறிவா, ஆறா?

அணிக்கோவை: தளப்பொருளின் (நொதி வினைபுரியும் பொருள்) செறிவு ஏற ஏற நொதியின் வேகம் எப்படி ஏறுகிறது என்று காட்டும் மைக்கேலிஸ்–மென்டன் வளைகோட்டுக்கு 500 மைக்ரோமோலாரில் தொடங்கிப் பாதிபாதியாக நீர்த்து ஆறு செறிவு, செறிவுக்கு இரண்டு குழி (சோதனைத் தட்டில் ஒரு அளவீட்டுக்கான இடம்) என்று போடுவது வழக்கம். குழிகள் வீண். கேஎம் (வி-மேக்ஸ் என்ற உச்ச வேகத்தில் பாதி வரும் செறிவு) சுமார் 50 என்றால், இந்த இரண்டு அளவுருக்களையும் சேர்த்து மிகத் துல்லியமாகத் தரும் டி-ஆப்டிமல் வடிவமைப்பு கேட்பது இரண்டே செறிவு. ஒன்று உச்சமான 500. மற்றது கேஎம் × உச்சம் ÷ (2 கேஎம் + உச்சம்), அதாவது 25000 ÷ 600, ஏறக்குறைய 42. இங்கே ஆறு, அங்கே ஆறு. இதற்கு எதிரே நீர்த்தல் தொடரின் திறன் 76% தான். 12 குழி போட்டு 9 குழிக்கான தகவலை எடுக்கிறீர்கள்.

பிப்பெட்: கேஎம் தெரிந்துவிட்டால் சோதனையே எதற்கு சார்? 50 என்று நினைத்தது 200 ஆக இருந்தால்?

அணிக்கோவை: எல்லாரும் கேட்கிறார்கள், யாரும் கணக்குப் போடுவதில்லை. 200 என்றால் கீழ்ச்செறிவு 111 ஆக இருந்திருக்க வேண்டும். 42-இல் வைத்ததால் திறன் 73% ஆகும். அதே 200-க்கு உங்கள் தொடர் 61%. அதில் 15.6, 31 குழிகளின் வேகம் வி-மேக்ஸில் 7%, 14% மட்டுமே. அங்கே கேட்பது பெரும்பாலும் இரைச்சல்.

பிப்பெட்: கணக்கு சரி. ஆனால் அந்தத் திறனெல்லாம் சமன்பாடு சரி என்ற நம்பிக்கையில். தளப்பொருள் மிகுந்து நொதியைத் தடுத்தால் 500-இல் வேகம் இறங்கும். இரண்டு செறிவு, இரண்டு அளவுரு: கோடு இரு சராசரிகள் வழியாகவும் கச்சிதமாகப் போய்விடும், பொருந்தாமையைக் காட்ட ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (அளவுருக்களைக் கணித்தபின் சோதிக்க மிஞ்சும் தகவல்) கூட மிஞ்சாது. வி-மேக்ஸ், கேஎம் இரண்டும் குறைந்து வரும், பிழைப்பட்டையோ அழகாகக் குறுகியிருக்கும். சிதறலை மட்டும் பார்த்து வடிவமைக்காதே, மாடல் தவறினால் விடை ஒரு பக்கமாகச் சாய்வதையும் பார் என்று பாக்ஸும் டிரேப்பரும் 1959-லேயே எழுதிவிட்டார்கள்.

குழித்தட்டு: 42-இல் 5, 500-இல் 5, 150-இல் 2 போடுங்கள். கேஎம் 50 என்றால் திறன் 93%. பொருந்தாமைக்கு 1, தூய பிழைக்கு (ஒரே செறிவுக் குழிகளுக்குள் வரும் வேறுபாடு) 9 டிகிரி கிடைக்கும். இருவரும் விட்டது ஒன்று: ஒரே நீர்த்த கரைசலிலிருந்து ஐந்து குழிக்கு ஊற்றினால் அது ஐந்து மறுசெயல் (தனித்தனியாகத் திரும்பச் செய்த சோதனை) ஆகாது. நீர்ப்பதில் 5% பிசகினால் ஐந்திலும் அதே பிசகு. ஒவ்வொரு குழிக்கும் மூலக் கரைசலிலிருந்து தனியாக நீர்க்க வேண்டும். 96 குழித் தட்டின் ஓரக் குழிகளில் ஆவியாதல் அதிகம், அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் குலுக்கிப் போடுங்கள். 42-இல் தளப்பொருள் சீக்கிரம் தீர்ந்துபோகும். 10% தீர்வதற்குள் உள்ள சரிவை மட்டும் வேகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்பெட்: 150-க்குச் சம்மதம். 42-க்கு இல்லை. எல்லாச் செறிவிலும் பிழை ஒரே அளவு என்று வைத்தால்தான் 42 வரும். பிழை வேகத்துக்கு விகிதமாக இருந்தால் கீழ்ப்புள்ளி, அளக்க முடிந்த மிகச்சிறிய செறிவுக்கே போய்விடும்.

அணிக்கோவை: உண்மைதான். சோதிக்க வழி உண்டு. 42-இன் வேகம் 500-இன் வேகத்தில் பாதி. இரண்டிலும் நான்கு நான்கு குழி போட்டு, திட்டவிலக்கமும் பாதியாகிறதா என்று பாருங்கள்.

பிப்பெட்: நான்கில் தெரியாது. திட்டவிலக்கம் பாதி என்றால் பரவற்படி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) விகிதம் 4. இரு பரவற்படிகளை ஒப்பிடும் எஃப் சோதனையில் 3, 3 டிகிரிக்கு 5% எல்லை 9.28, 4 அதை எட்டாது. அதே கருவியில் ஓடிய பழைய தட்டுகளின் தரவிலிருந்து பார்ப்பது மேல்.