மூக்கு குத்திய இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கட்டி, கழற்றணுமா வேண்டாமா?

சிம்மக்கல் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். தை மாசக் கடைசியில் மூக்கு குத்தினேன், இடது பக்கம். மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு கடையில். ஊசியால்தான் குத்தினார்கள், காது மூக்கு குத்துகிற துப்பாக்கியால் இல்லை. அப்போதே ஒற்றைக்கல் மூக்குத்தி போட்டு உள்ளே திருகாணி முறுக்கி அனுப்பிவிட்டார்கள், 22 கேரட். முதல் வாரம் வீக்கமும் வலியும் இருந்தது, அப்புறம் தானாகவே போய்விட்டது. இப்போது கல்லுக்கு மேல் ஓரமாக மிளகில் பாதி அளவுக்குச் சிவப்பாக ஒரு கட்டி. வலி இல்லை, ஆனால் முகம் துடைக்கும்போது துண்டு பட்டுவிட்டால் ஒரு பொட்டு ரத்தம் வருகிறது. காலையில் எழுந்து பார்த்தால் மூக்குத்தியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கிறது, அது சீழா என்றும் தெரியவில்லை.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அப்பத்தா மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடச் சொல்கிறார், அம்மா டெட்டால் தொட்டு வைக்கச் சொல்கிறார். கடையில் கேட்டதற்கு, தினமும் ரெண்டு தடவை மூக்குத்தியைச் சுற்றி விடணும், இல்லாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். கூட வேலை பார்க்கிறவள் பேசாமல் கழற்றிவிடு என்கிறாள். எனக்குக் கழற்ற மனசே இல்லை, பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து இருக்கிற ஆசை இது. எதைச் செய்வது, எதை விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தல்லாகுளம் நர்ஸ் அக்கா:

கழற்றாதே தங்கச்சி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் பார்ப்போம். ஆறாத துளையில் இருந்து நகையை எடுத்தால் மூக்கில் உள்பக்கம் சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும். உள்ளே சீழ் இருந்தால் அது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். எடுக்கணும் என்றால் அதை டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நீ சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கட்டி புண் ஆறும்போது கூடுதலாக வளர்கிற பிஞ்சுச் சதை மாதிரித் தெரிகிறது. கிரானுலோமா என்பார்கள். துளை ஓரத்திலேயே இருக்கும், சிவப்பாக ஈரமாக இருக்கும், லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். உராய்வு, அழுத்தம், ஈரம் இதெல்லாம் நின்றால் பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். நிறையப் பேர் இதைப் பார்த்ததும் கீலாய்டு என்று பயந்துவிடுகிறார்கள். கீலாய்டு வேறு. அது துளையின் எல்லையைத் தாண்டிப் பரவும், கெட்டியாக இருக்கும், பல மாதம் கழித்துக்கூட வளர்ந்துகொண்டே இருக்கும். நம் மாதிரி கறுத்த தோலுக்கு அது வருகிற வாய்ப்பு அதிகம், அதிலும் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இன்னும் அதிகம். உங்கள் வீட்டில் காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ யாருக்காவது தழும்பு உருண்டையாக எழும்பி இருக்கிறதா என்று விசாரித்துப் பார்.

வெள்ளைப் பொருக்கு சீழ் இல்லை. புண்ணில் ஊறுகிற நீர் காய்ந்து படிவது, ஆறுகிற புண்ணில் அது வரத்தான் செய்யும். சீழ் என்றால் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாக வரும், நாற்றம் இருக்கும், கூடவே சூடும் வலியும் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது உப்புத் தண்ணீர் மட்டும்தான். மருந்துக் கடையில் நார்மல் சலைன் என்று கேள், 0.9 சதவீத உப்பு என்று பாட்டிலில் போட்டிருக்கும். மூக்கடைப்புக்கு விடுகிற சொட்டு மருந்தைக் கொடுத்தால் வாங்காதே, அதில் கெடாமல் இருக்க வேறு பொருளும் சேர்த்திருப்பார்கள். பாட்டிலுக்குள் துணியை முக்காமல் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொள், மிச்சத்தைத் திரும்ப ஊற்றாதே. வீட்டில் செய்வதென்றால் கொதித்து ஆறிய தண்ணீர் கால் லிட்டருக்கு அயோடின் சேர்க்காத உப்பு கால் டீஸ்பூன் போதும். உப்பு கூடினால் நல்லது என்று அள்ளிப் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காஸ் துணியை நனைத்து ரெண்டு மூன்று நிமிடம் ஒத்தி வை. பொருக்கு ஊறித் தானாக வந்தால் எடு, வராததை நகத்தால் பெயர்க்காதே. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. பஞ்சு வேண்டாம், அதன் இழை மூக்குத்தியில் சுற்றிக்கொள்ளும். நம் ஊரில் பல வீட்டில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் வருகிறது, முகம் கழுவியபின் அந்த இடத்தை மட்டும் குடிக்கிற தண்ணீரால் அலசிவிடு. பிறகு டிஷ்யூவால் ஒற்றி ஈரமில்லாமல் வை.

டெட்டால் கிருமியைக் கொல்லும், புதிதாக வருகிற தோலையும் சேர்த்துக் கெடுக்கும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். அப்பத்தா சொல்கிற மஞ்சள் எண்ணெயும் வேண்டாம். அவர் காலத்தில் வேப்பங்குச்சியைச் செருகி மஞ்சள் போட்டு ஆற்றினார்கள், பலருக்கு ஆறவும் செய்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் துளையை அடைத்து ஈரத்தை உள்ளேயே வைத்துவிடும், அடுப்படி டப்பாவில் இருக்கிற மஞ்சள்தூளில் என்னென்ன கிருமி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சுற்றி விடுவதை இன்றைக்கே நிறுத்து. துளைக்குள் மெல்லிசாகப் புதுத் தோல் படர்ந்து வருகிறது, நீ சுற்றும்போது வெளியே காய்ந்த பொருக்கு உள்ளே போய் அந்தத் தோலைக் கிழிக்கிறது. தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளாது, ஒட்டுவது காய்ந்த பொருக்குதான்.

மூக்கு வெளியே சீக்கிரம் ஆறிய மாதிரித் தெரியும், உள்ளே முழுசாக ஆற 4 முதல் 6 மாதம் ஆகும். அதனால் இப்போது பொருக்கு வருவது தாமதம் ஒன்றும் இல்லை.

பட்டறைக்காரர் மகன்:

நர்ஸ் அக்கா சொன்னது எல்லாமே சரி. நகை பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், மூன்று தலைமுறையாக இதே தொழில்.

திருகாணி வைத்த மூக்குத்தி ஆறிய மூக்குக்குப் போடுகிற நகை, புதுத் துளைக்கு அது சரிப்படாது. அதன் தண்டில் மரை இருக்கும், மரைக்கு மரை இடுக்கில் பொருக்கும் அழுக்கும் போய் உட்காரும், கழுவினாலும் வராது. தண்டு நீளமும் குறைவு. வீக்கம் வந்த நேரத்தில் கல் வெளியே அமுக்கும், திருகாணி உள்ளே அமுக்கும், நடுவில் சதை மாட்டிக்கொள்ளும். கட்டி வருவதற்கு அந்த அழுத்தமே போதும். கல்லுக்கு அடியில் குழி திறந்திருந்தால் அதிலும் பவுடர், கிரீம் எல்லாம் சேரும்.

22 கேரட் என்பது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி மாதிரி வேறு உலோகம். தங்கம் அவ்வளவு இருப்பதால் மென்மையாக இருக்கும், சீக்கிரம் கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். மீதிப் பங்கில் என்ன கலந்தார்கள் என்பதும் முக்கியம். நிக்கல் கலந்திருந்தால் பலருக்கு அரிப்பும் சிவப்பும் வரும், வெள்ளைத் தங்கத்தில் இது அதிகம். ஹால்மார்க் பார்த்து வாங்கினோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, மூக்குத்தி பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். கேட்டுத்தான் வாங்கணும்.

இப்போதைக்கு டைட்டேனியம் தண்டு, உள்பக்கம் தட்டையான வட்டத் தகடு உள்ளது போட்டுக்கொள்ளுங்கள். உடம்புக்குள் எலும்பு முறிவுக்கு வைக்கிற டைட்டேனியம் இருக்கிறதே, அதே ரகம், ஏ.எஸ்.டி.எம். எஃப் 136 என்று கேட்கணும். அழுத்தத்தில்தான் கட்டி வந்தது என்றால், நகையை மாற்றிய சில வாரத்தில் அது வற்றுவதை நீங்களே பார்ப்பீர்கள். ஆனால் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று மாற்ற வேண்டாம், தண்டு வெளியே வந்த மாத்திரத்தில் துளை சுருங்கிவிடும், திரும்பத் திணிக்கும்போது தப்பான வழியில் போய்விடும். கையுறை போட்டு, ஆட்டோகிளேவ் என்கிற அழுத்த நீராவிக் கலத்தில் சுத்தம் செய்த கருவியை உறை பிரித்து எடுக்கிறவரிடம் போங்கள். ஆசைப்பட்டு வாங்கிய கல் மூக்குத்தியைப் பத்திரமாக வைத்திருங்கள், நன்றாக ஆறினதும் அதையே போடலாம்.

அலங்காநல்லூர்க்காரன்:

மூக்கை விடக் காது மேல் மடல் குத்தினவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்கணும், அதனால் இதையும் இங்கேயே எழுதுகிறேன். என் சித்தி மகள் காலேஜ் சேர்ந்த புதிதில் மேல் மடலில் துப்பாக்கியால் குத்திக்கொண்டாள். அது குருத்தெலும்பு. துப்பாக்கி முனை மழுக்கையாக இருப்பதால் குருத்தெலும்பை நசுக்கித்தான் உள்ளே போகிறது, ஊசி மாதிரி வெட்டிக்கொண்டு போவதில்லை. குருத்தெலும்புக்கு என்று தனியாக ரத்தக்குழாய் கிடையாது, அதனால் கிருமி புகுந்தால் உடம்பு எதிர்த்து நிற்பது கஷ்டம்.

அவளுக்குக் காது முழுக்கச் செக்கச்செவேல் என்று வீங்கி, தலையணையில் வைக்க முடியவில்லை. கம்மல் போடுகிற கீழ் மடல் மட்டும் எப்போதும் போல இருந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்ததும் அந்த அடையாளத்தைத்தான் சொன்னார். கீழ் மடலில் குருத்தெலும்பு இல்லை, அதனால் அது தப்பித்திருக்கிறது, மேலே குருத்தெலும்பைச் சுற்றிய உறையில் சீழ் பிடித்துவிட்டது என்று. படுக்கையில் சேர்த்து, கீறிச் சீழை எடுத்து, ஊசி போட்டுச் சரி செய்தார்கள். காது வளைவு ஒரு இடத்தில் உள்வாங்கிவிட்டது, முடியை அந்தப் பக்கம் இழுத்து விட்டுத்தான் இன்றைக்கும் வெளியே வருகிறாள். மேல் மடலில் சூடு, வீக்கம் கூடிக்கொண்டே போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள், தயவுசெய்து.

மேலமடைக்காரர்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கணும். தங்கச்சி மகளுக்கு அடுத்த மாதம் பாண்டி கோவிலில் வைத்து மொட்டை, காதுகுத்து. மடியில் உட்கார வைக்கிற தாய்மாமன் நான்தான். பிள்ளைக்கு ஒரு வயது முடிகிறது. இந்த உப்புத் தண்ணீர் முறையே பிள்ளைக்கும் பொருந்துமா?

தல்லாகுளம் நர்ஸ் அக்கா:

பொருந்தும் அண்ணே. கீழ் மடல் என்பதால் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடுகிற பென்டாவேலன்ட் ஊசி மூன்றும் போட்டாயிற்றா என்று தங்கச்சியிடம் கேளுங்கள், ரண ஜன்னிக்கான (டெட்டனஸ்) பாதுகாப்பு அதிலேயே இருக்கிறது. ஆசாரி கம்பியை உங்கள் கண் முன்னால் சுத்தம் செய்யட்டும், கையைக் கழுவச் சொல்லுங்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள். பந்தலில் அடுத்தடுத்து நிறையப் பிள்ளைகளுக்குக் குத்துகிறார்கள்.

இன்னொன்று, நான் பல பிள்ளைகளிடம் பார்த்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசுவார்கள், வெயிலில் அது வேர்வையோடு வழிந்து நேராகக் காது துளையில் போய் உறைந்துவிடும். உச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காதுப் பக்கம் வழிந்ததை உடனே ஒற்றி எடுங்கள். ஜிமிக்கி, வளையம் எதுவும் இப்போது வேண்டாம், பிள்ளை இழுத்துவிடும்.

உசிலம்பட்டி டீச்சர்:

நீட் எழுதப் போகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. தேர்வு அறைக்குள் நகை எதுவும் விடமாட்டார்கள், வாசலில் மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள். பரீட்சைக்கு ஓரிரு மாதம் இருக்கும்போது புதிதாகக் குத்திவிட்டு, அன்றைக்குக் கழற்றி, திரும்பப் போடுவதற்குள் துளை மூடி, அந்தப் பிள்ளை பரீட்சையை நினைக்குமா மூக்கை நினைக்குமா? எழுதி முடித்த பிறகு குத்துங்கள்.

சிம்மக்கல் பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காய்ச்சல், சூடு எதுவும் இல்லை. பட்டறை அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன், திருகாணி உள்பக்கம் சதையில் பதிந்துதான் இருக்கிறது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டு டெட்டால் பேச்சை விட்டுவிட்டார். இன்னும் ரெண்டு சந்தேகம். வேலைக்கு வண்டியில்தான் போகிறேன், ஹெல்மெட் மாட்டும்போது இடிக்கிறது. அப்புறம் சித்திரைத் திருவிழா வருகிறது, அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு வருஷம் தவறாமல் போகிறவர்கள் நாங்கள், போகலாமா?

தல்லாகுளம் நர்ஸ் அக்கா:

தாராளமாகப் போ. தோப்பறை என்கிற தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் மட்டும் முகத்தைக் கொடுக்காதே, ஓரமாக நின்று கும்பிடு. ஆற்றுத் தண்ணீர், குளம், நீச்சல் குளம் எதுவும் முழுசாக ஆறும்வரை முகத்தில் படக்கூடாது. கூட்டத்தில் துப்பட்டா மாட்டி இழுக்காமல் பின் குத்திக்கொள். வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீர் ஒத்தடம்.

ஹெல்மெட்டை முன்பக்கமாகச் சரிக்காமல் ரெண்டு கையால் பட்டையை விரித்து நேர் மேலிருந்து இறக்கு. ராத்திரி வலது பக்கம் படு, தலையணை உறையை ரெண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்று. முகம் துடைக்கப் பூத்துண்டு வேண்டாம், அதன் நூல் வளையம்தான் கல்லில் மாட்டி இழுக்கிறது.

நகையை மாற்றி மூன்று நான்கு வாரத்தில் கட்டி சுருங்கவில்லை, அல்லது பெரிதாகிறது என்றால் ராஜாஜி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு வந்துவிடு. கீலாய்டாக இருந்தாலும் ஆரம்பத்திலேயே ஊசி போட்டு அமுக்கலாம். மூக்கைச் சுற்றிக் கன்னம் வரை சிவந்து வீங்கினாலோ, கண் பக்கம் வலித்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வா, முகத்தின் நடுப்பகுதியில் வருகிற கிருமி மூளைப் பக்கம் போகிற வழி கிட்டத்தில்தான் இருக்கிறது.

பட்டறைக்காரர் மகன்:

மாற்றப் போகும்போது தண்டு நீளத்தை அவரே அளந்து போடட்டும். கட்டி இருக்கிறவரை சதைக்கும் தகட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரியணும், பொதுவாக 7 அல்லது 8 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். வீக்கம் வற்றின பிறகு அதையே விட்டுவிட்டால் நீளத் தண்டு ஆடி ஆடித் திரும்பப் புண்ணாக்கும், அப்போது மறுபடி போய் 6 மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.