போர் தொடுத்த தலைவர் மேல் சென்னையிலிருந்து புகார் கொடுக்க முடியுமா?

வியாசர்பாடி வாசகன்:
எங்க படிப்பகத்துல ஞாயித்துக்கிழமை விவாதம். போர் தொடுத்த தலைவர் மேல நாமே நெதர்லாந்துல தி ஹேக்கில் இருக்கிற சர்வதேச கோர்ட்டுக்கு மனு அனுப்பலாம்னு ஒரு கட்சி, அது நாடுகளோட வேலைன்னு இன்னொரு கட்சி. எது சரி? ஈழம் பத்தியும் கண்டிப்பா கேப்பாங்க. 1914ல ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மேல குண்டு போட்டதை உதாரணமாச் சொல்லலாமா?

பாரிமுனை வக்கீல்:
ரெண்டு கட்சியும் பாதி சரி. தி ஹேக்கில் ரெண்டு கோர்ட் இருக்கு. சர்வதேச நீதிமன்றத்துல நாடு மேல நாடுதான் வழக்குப் போட முடியும். ஆளைக் கூண்டில் ஏத்துறது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அதை உருவாக்கின ஒப்பந்தமான ரோம் சட்டத்தோட 15ஆவது பிரிவுப்படி அதன் வழக்குத் தொடுநருக்கு யாரும் தகவல் அனுப்பலாம். விசாரிக்கணுமா வேணாமான்னு முடிவு பண்றது அவங்க.

"போரை ஆரம்பிச்சார்"னு மட்டும் எழுதினா மனு அங்கேயே படுத்துடும். ஆக்கிரமிப்புக் குற்றம், அதாவது இன்னொரு நாடு மேல சட்டவிரோதமாப் போர் தொடுக்கிறது, அந்தக் கோர்ட்டுக்குள்ள வந்ததே 2018 ஜூலை 17ல்தான். அதுலயும் கோர்ட்டில் உறுப்பினர் அல்லாத நாட்டுக்காரரைத் தொடணும்னா ஐ.நா. பாதுகாப்பு சபை அனுப்பணும். அங்க வல்லரசுகளோட வீட்டோ, அதாவது தடுக்கிற உரிமை, உட்கார்ந்திருக்கு. 2023 மார்ச்ல புடின் மேல வந்த பிடிவாரண்ட்கூட உக்ரைன் குழந்தைகளைக் கொண்டுபோனதுக்குத்தான், போர் தொடுத்ததுக்கு இல்ல. போர்க்குற்றத்துக்கு அந்தத் தடை கிடையாது: சம்பவம் நடந்த மண், கோர்ட்டை ஏத்துக்கிட்ட நாட்டோடதா இருந்தாப் போதும். அதனால தேதி, இடம், உத்தரவு யார்கிட்ட இருந்து வந்தது, அது எப்படித் தெரியும்னு சம்பவம் சம்பவமா எழுதணும்.

எம்டன் வேணாம். 1914ல போர் தொடுக்கிறதைத் தடுக்கும் பொதுச்சட்டமே இல்ல. போரைக் கைவிடச் சொன்ன 1928 பாரிஸ் ஒப்பந்தம் அப்புறம் வந்தது. துறைமுக எண்ணெய்த் தொட்டியைச் சுட்டது சரியாங்கிறது போர் நடத்தும் முறை பத்தின வேற கேள்வி.

தண்டையார்பேட்டை தமிழ்:
ஈழத்துக்கு ஆக்கிரமிப்புக் குற்றம் பொருந்தாது, அது உள்நாட்டுப் போர். போர்க்குற்றம் பொருந்தும், ஆனா இலங்கை அந்தக் குற்றவியல் கோர்ட்டில் உறுப்பினர் இல்ல. மியான்மரும் உறுப்பினர் இல்லதான்; ரோஹிங்கியாக்களை விரட்டின குற்றம் எல்லை தாண்டி, உறுப்பு நாடான வங்கதேசத்துல முடிஞ்சதால விசாரிக்கலாம்னு 2018ல கோர்ட் சொல்லுச்சு. ஈழத்துல இருந்து தப்பின நம்ம ஆளுங்க வந்து இறங்கினது ராமேஸ்வரம். இந்தியா உறுப்பினரா இல்லாததால அந்த வழியும் அடைபட்டுப்போச்சு. இப்போ நடக்கிறது ஆதாரம் சேர்க்கிற வேலை: ஐ.நா. மனித உரிமைக் குழுவோட 2021 மார்ச் தீர்மானம் 46/1படி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சேர்க்குது.

வியாசர்பாடி வாசகன்:
அப்போ நம்ம ஐகோர்ட்லயே போட்டா?

பாரிமுனை வக்கீல்:
போர்க்கால விதிகளுக்கான இந்தியச் சட்டமான 1960 ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் 3ஆவது பிரிவு வெளிநாட்டுல நடந்த குற்றத்தையும் பிடிக்கும். ஆனா 17ஆவது பிரிவுப்படி அரசோ, அது நியமிச்ச அதிகாரியோ புகார் கொடுத்தாத்தான் கோர்ட் எடுக்கும். தனியார் மனு செல்லாது.