காட்பாடிப் பக்கம்: தோட்டத் தட்டுக்கு மரங்கொத்தி வருமா?

பாலாற்றங்கரை:
மார்கழி பிறந்ததிலிருந்து காலை ஆறரைக்கு மேல் தென்னையில் இரண்டு மரங்கொத்தி. முதுகு பொன்மஞ்சள். ஒன்றுக்கு நெற்றி, கொண்டை எல்லாம் சிவப்பு. இன்னொன்றுக்குக் கொண்டை மட்டும் சிவப்பு, நெற்றி கறுப்பில் வெள்ளைப் புள்ளி. ரெண்டும் வேற வேறயா? தட்டில் கம்பும் நொய்யும் வைக்கிறோம், எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வீடியோவில் காட்டுகிற மாட்டுக்கொழுப்புக் கட்டி வைத்தால் வருமா?

வேப்பங்கிளை:
வேற இல்லைங்க, ஜோடி. பொன்முதுகு மரங்கொத்தி. முழுச் சிவப்பு ஆண், புள்ளி நெற்றி பெண். பறக்கும்போது வாலுக்கு மேலே பாருங்க, கறுப்பா இருக்கும். தொண்டையும் கறுப்பு, அதில் வெள்ளைக் கீற்று. காட்டுப் பக்கம் போனால் வெண்பிடரி மரங்கொத்தியோடு குழம்பும். அதுக்குப் பின்கழுத்திலிருந்து மேல்முதுகு வரை வெள்ளை, பெண்ணுக்குக் கொண்டையே மஞ்சள். ஆளைப் பார்த்ததும் தண்டுக்குப் பின்னால் ஒளியும், சுற்றி ஓடாதீங்க. நின்ற இடத்திலேயே நின்றால் கொஞ்ச நேரத்தில் ஏறிக்கொண்டே இந்தப் பக்கம் வரும்.

மொட்டைத்தென்னை:
கொழுப்புக் கட்டி பனி கொட்டுகிற நாட்டுக்கு. இங்கே மார்கழியிலும் மதியம் வெயில் சுள்ளுன்னு அடிக்கும், கொழுப்பு இளகிக் காறிப்போகும். இறகில் ஒட்டினால் பறவைக்குத்தான் கஷ்டம். கம்பு, நொய் குருவிக்கும் புறாவுக்கும். இதுக்கு எறும்பும் புழுவும்தான் சாப்பாடு.

காய்ந்த மா அல்லது முருங்கைக் கட்டை, நாலடி நீளம், தொடை கனம், பட்டை உரிக்காமல். தென்னைத் தண்டோடு தேங்காய்க் கயிற்றால் செங்குத்தாகக் கட்டுங்க; ஆணி வேண்டாம். ஒரு இஞ்ச் அகலம், ஒன்றரை இஞ்ச் ஆழத்தில் நாலைந்து துளை போட்டு, உப்பில்லாத வேர்க்கடலையை அரைத்து அப்பலாம். ரெண்டு நாளைக்கு மேல் விடாதீங்க, பூஞ்சை பிடிக்கும். பாதியை அணில் தின்னும், அதைத் தடுக்க வழி கிடையாது. கட்டையில் எறும்பு ஏறினால் பொடி தூவிடாதீங்க, அதுக்காகத்தான் மரங்கொத்தியே வரும்.

பட்டுப்போன தென்னை இருந்தால், வீட்டு மேல் விழாத தூரம்னா வெட்டாமல் விடுங்க. பொந்து போடும். அது காலி பண்ணின பிறகு மைனா, கிளி குடியேறும்.

பாலாற்றங்கரை:
நன்றி. முருங்கையில் சின்னதா இன்னொன்று, மைனாவை விடச் சிறிசு. முதுகு கறுப்பு வெள்ளைப் புள்ளி, தலை மஞ்சள்.

வேப்பங்கிளை:
அடிவயிற்றில் சிவப்புத் திட்டு தெரிந்ததா? தெரிந்தால் மஞ்சள் நெற்றி மரங்கொத்தி. உச்சந்தலைக்குப் பின்னால் சிவப்பு இருந்தால் ஆண். ஒரு எச்சரிக்கை: முருங்கைக் கிளையில் பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, "டுக்... டுக்..." சத்தம்னா அது குக்குறுவான். அதுவும் காய்ந்த கிளையில் ஓட்டை போடும், ஆனால் மரங்கொத்தி இல்லை. தரையில் நடந்து நீள மூக்கால் குத்துகிற கொண்டலாத்தியையும் ஊரில் பாதிப்பேர் மரங்கொத்தின்னுதான் சொல்றாங்க.

மொட்டைத்தென்னை:
அகல மண்சட்டியில் ரெண்டு இஞ்சுக்கு மேல் போகாமல் தண்ணீர், நடுவில் சொரசொரப்பான கல். தினம் மாற்றுங்க. தட்டைச் சீண்டாததுகூடத் தண்ணிக்கு இறங்கும். பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு வரும், பார்த்ததை ஈபேர்டில் (பறவை பார்த்ததைப் பதிகிற இணையதளம், eBird) ஏற்றிடுங்க.