லொரெட்டா லின் "வான் லியர் ரோஸ்": இது யாரோட ஆல்பம்?

ராத்திரிரேடியோ:
அமெரிக்க கிராமத்து இசையான கன்ட்ரி பாடுற லொரெட்டா லின்னோட 60கள், 70கள் பாட்டுதான் இதுவரைக்கும் கேட்டிருக்கேன், 'கோல் மைனர்ஸ் டாட்டர்' எல்லாம் மனப்பாடம். நேத்து 2004ல வந்த 'வான் லியர் ரோஸ்' போட்டேன், 'போர்ட்லண்ட் ஓரிகன்' ஆரம்பிச்சு கிட்டார் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு, லொரெட்டா அம்மா எப்போ வாயத் திறப்பாங்கன்னு உக்காந்திருக்கேன். ப்ரொட்யூசர் 'ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்'ங்கிற ராக் பேண்டோட ஜாக் ஒயிட்டாம். 72 வயசுல இது தேவையா, இல்ல பையன் தன்னோட ஆல்பத்த அவங்க பேர்ல போட்டுட்டானா?

கேசட்பெட்டி:
ப்ரோ அது அநியாயம். 13 பாட்டும் அவங்க எழுதினது, 'லிட்டில் ரெட் ஷூஸ்'ல மட்டும்தான் ஒயிட் பேரும் சேருது. பழைய ஆல்பங்கள்ல பெரும்பாலும் அடுத்தவங்க பாட்டும் கலந்துதான் இருக்கும், அந்த கணக்குல பாத்தா இதுதான் முழுக்க அவங்க ஆல்பம். 'ஃபேமிலி ட்ரீ' கேளுங்க, புருஷன் போற வீட்டு வாசல்ல குழந்தைங்களோட போய் நின்னு அந்த பொம்பளைய வெளிய கூப்பிடுறாங்க. 60கள்ல எந்த வாயி சண்டை போட்டுச்சோ அதே வாயி, கொஞ்சம்கூட மழுங்கல.

ஸ்டீல்கிட்டார்:
எழுதினது அவங்கதான் சரி, ஆனா சவுண்டு? 'ஹேவ் மெர்சி'ல ட்ரம்ஸும் கிட்டாரும் போடுற சத்தத்துல குரலுக்கு இடமே இல்ல, எனக்கு அது ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் பாட்டாதான் கேக்குது. கிட்டாரும் அவங்க குரலும் மட்டும் இருக்குற 'மிஸ் பீயிங் மிஸஸ்' பக்கத்துல வச்சுப் பாருங்க. புருஷன் டூலிட்டில் 1996ல போய்ட்டாரு, 1948ல கட்டினவரு, அவ்ளோ சண்டை போட்டு அவ்ளோ பாட்டு எழுதினாங்களே அதே ஆளு. இப்போ அவரு இல்லாம படுக்குறத பத்தி பாடுறாங்க. ஆல்பம் மொத்தமும் இப்படி இருந்திருக்கலாம்னுதான் என் ஆதங்கம்.

மலைக்காத்து:
ஸ்டீல்கிட்டார் அண்ணா, மொத்தமும் அப்படி இருந்தா பத்தோட பதினொண்ணா ஒரு 'வயசான காலத்து ஆல்பம்' ஆகியிருக்கும், அழுதுட்டு மூடி வச்சிருப்போம். இவங்க அப்படி போறதுக்கு தயாரா இல்லயே. ஒயிட்டும் திடீர்னு வந்தவரு கிடையாது, 2001ல அவரோட பேண்டு 'ஒயிட் பிளட் செல்ஸ்' ஆல்பத்தையே லொரெட்டாவுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணாங்க. கன்ட்ரி பாட்டுல வழக்கமா வர்ற பெடல் ஸ்டீல் கிட்டாரயும் விடல, டேவ் ஃபீனி வாசிச்சிருக்காரு. கன்ட்ரி ரேடியோ பெருசா கண்டுக்கலதான், ஆனா 2005ல சிறந்த கன்ட்ரி ஆல்பம் கிராமி இதுக்குத்தான், 'போர்ட்லண்ட் ஓரிகன்' டூயட்டுக்கு இன்னொண்ணு. ரேடியோக்காரங்க இளசுங்க பின்னாடி ஓடினா அதுக்கு இவங்க என்ன செய்ய முடியும்.

ராத்திரிரேடியோ அண்ணா, முதல்ல தலைப்புப் பாட்டு கேளுங்க. வான் லியர் கென்டக்கில சுரங்க ஊரு, அவங்க அப்பா அங்கதான் நிலக்கரி வெட்டினாரு, அந்த ரோஸ் அவங்க அம்மா. அப்புறம் 'வுமன்ஸ் பிரிசன்', துரோகம் பண்ண புருஷன கொன்னுட்டு மரண தண்டனைக்கு காத்திருக்குற பொம்பள கதை. கத்துற கிட்டார கடைசியா வச்சுக்கோங்க.

ராத்திரிரேடியோ:
தலைப்புப் பாட்டும் 'ஃபேமிலி ட்ரீ'யும் கேட்டாச்சு. பையன் மேல சொன்னத வாபஸ் வாங்கிக்குறேன், ஆனா 'ஹேவ் மெர்சி' விஷயத்துல ஸ்டீல்கிட்டார் அண்ணா பக்கம்தான். 2016ல 'ஃபுல் சர்க்கிள்'னு ஒண்ணு விட்டாங்களே, அதுல சவுண்டு எப்படி?

ஸ்டீல்கிட்டார்:
அது உங்களுக்கு பிடிக்கும். பழைய பாணி.