பொருள்: மெய்டன் நேம் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். குடிவழி தேடுவது பற்றிய பாடமொன்றைத் தமிழாக்குகிறேன். எடுத்துக்காட்டு ரெபெக்கா நர்ஸ், 1692 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்டவர். படிவத்தில் ‘மெய்டன் நேம்’ (பெண் பிறந்த குடும்பத்தின் பெயர்) என்று ஒரு கட்டம் இருக்கிறது. முன்பு யாரோ ‘கன்னிப்பெயர்’ என்று போட்டிருக்கிறார்கள். ராசிபலன் படிப்பதுபோல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

அன்பரசு:
‘மணமுன் பெயர்’. சின்னது, புரியும். முடிந்தது வேலை.

மாறன்:
முடியவில்லை, அன்பரசு. ரெபெக்காவின் தங்கை சாராவை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குடும்பம் டவுன் (ஊரல்ல, குடும்பப்பெயர்). முதலில் எட்மண்ட் பிரிட்ஜஸை மணந்தார், அவர் இறந்தபின் பீட்டர் கிளாய்ஸை. இரண்டாம் மணத்துக்கு முன் அவர் பெயர் பிரிட்ஜஸ்தானே? உங்கள் சொல்லை நம்பி நிரப்புகிறவர் அதைத்தான் எழுதுவார். பிறகு பிரிட்ஜஸ் வீட்டில் அவருக்கு அப்பாவைத் தேடிக்கொண்டிருப்பார். குடியேற்றக் காலத்தில் மறுமணம் சகஜம், அதனால் இது அரிதான பிழையும் அல்ல.

இன்னொரு தங்கை மேரி ஈஸ்டியும் அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று தூக்கிலிடப்பட்டார். நர்ஸ், ஈஸ்டி, கிளாய்ஸ் என மூன்று பெயர்களையும் வழக்கு ஏட்டில் பார்த்தால் மூவரும் உடன்பிறந்தவர்கள் என்றே தெரியாது. ‘டவுன்’ கிடைத்தால்தான் முடிச்சு அவிழும். அந்தக் கட்டம் இருப்பதே அதற்காகத்தான்.

புலவர் இராமலிங்கம்:
‘கன்னி’யை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். அது வடசொல் அன்று என்பாரும் உளர். கன் என்னும் வேர் இளமை குறிப்பது, கன்று, கன்னி இரண்டும் அவ்வழிப் பிறந்தவை என்பது அவர் கருத்து. ஆயினும் இங்கே வேண்டியது இளமை அன்று, குடி. தொல்காப்பியப் பெயரியல் நிலப்பெயர், குடிப்பெயர், குழுவின் பெயர் என அடுக்குகிறது. ஆகவே ‘பிறந்தகக் குடிப்பெயர்’. பிறந்த + அகம் முறைப்படி ‘பிறந்தவகம்’ ஆக வேண்டும். நிலைமொழி ஈற்று அகரம் கெட்டுப் பிறந்தகம் ஆயிற்று, புக்ககம் (கணவன் வீடு) போலவே.

சங்கப் புலவர் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் தந்தையால் அறியப்படுகிறார்; பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு கணவனால். பின்னவர் பிறந்தகம் எது?

அன்பரசு:
ஐயா, கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் பிடித்துக் கட்ட முடியாது. பிறந்தகம், புக்ககம் எல்லாம் இன்று யார் வாயில் வருகிறது? ‘பிறந்தவீட்டுப் பெயர்’ என்று விடுங்கள்.

கயல்:
வீட்டுப் பெயர் என்றால் வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். தெலுங்கு பேசுகிறவர்களுக்குச் சரியாகப் புரியும், அவர்களுக்கு அது இண்டி பேரு, அதாவது குடும்பப்பெயர்.

செல்வி அக்கா, கட்டத்துக்கு அடியில் வரும் விளக்கக் குறிப்பையும் பார்த்துவிடுங்கள். அந்தப் பெயரை எங்கே தேடுவது என்பதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தந்தையின் உயில். ‘என் மகள் மேரி, இன்னாரின் மனைவி’ என்று வரும். அடுத்தது நிலப் பத்திரங்கள். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு அப்போது இருந்தது. அதனால் நிலம் விற்கும்போது அவளும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தோ கீறலோ இட்டாள். பத்திரங்களில் மேரி திடீரென ஹன்னா ஆனால் மறுமணம் என்று ஊகிக்கலாம். இரண்டாம் மனைவியும் மேரியாக அமைந்துவிட்டால் ஏமாந்தோம்.

உயிலில் ‘என் இப்போதைய மனைவி’ என்று இருந்தால் முதல் மனைவி ஒருத்தி இருந்தாள் என்று முடிவு கட்டக் கூடாது. பின்னால் வரக்கூடியவள் பங்கு கேட்காமலிருக்கவும் அப்படி எழுதுவார்கள். ‘சன் இன் லா’ என்றிருந்தால் மருமகன் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், மனைவியின் முதல் மணத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

செல்வி:
நன்றி கயல். கல்லறைக் கல்லில் ‘ரெலிக்ட்’, ‘கான்சார்ட்’ என்றும் வருகிறது. முதலாவது கைம்பெண். இரண்டாவது கணவன் இருக்க இறந்தவள். சுமங்கலி என்று போடலாமா?

புலவர் இராமலிங்கம்:
வாழ்வரசி என்னும் சொல் இருக்கச் சுமங்கலி எதற்கு?

அன்பரசு:
சேலத்துக் கல்லறையில் வாழ்வரசி! ‘கணவருக்கு முன் இறந்தவர்’ போதும், ஐயா.

மாறன்:
ரெபெக்காவின் ஞானஸ்நானத் தேதியைக் கவனியுங்கள்: இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத், பிப்ரவரி 21, 1620/21. அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. நம் கணக்கில் 1621.

குடிப்பெயருக்கும் ஓர் இடறல் இருக்கிறது. நியூ நெதர்லாந்தின் (இன்றைய நியூயார்க் பகுதியில் இருந்த டச்சுக் குடியேற்றம்) டச்சுப் பெண்களுக்குப் பெரும்பாலும் குடிப்பெயரே இல்லை. ரூலோஃப் யான்சனின் மகள் சாரா ரூலோஃப்ஸ். ஹான்ஸ் கீர்ஸ்டெடைக் கட்டிய பிறகும் ஏடுகளில் ரூலோஃப்ஸ்தான். நம் தலைப்பெழுத்து மாதிரி. அதைக் குடிப்பெயர் என்றால் தாத்தாவை ரூலோஃப்ஸ் என்று தேடுவார்கள், அவர் பெயரோ ‘யான்’ (யான்சன் என்றால் யானின் மகன்).

செல்வி:
மென்பொருள்காரர் இப்போதுதான் சொன்னார்: கட்டத்தில் 20 குறிகள்தான் பிடிக்கும், ‘பி’ என்பதே இரண்டு குறி. எண்ணிப் பார்த்தேன். பிறந்தகக் குடிப்பெயர் 21, பிறந்தவீட்டுப் பெயர் 20, பிறந்தகப் பெயர் 15.

புலவர் இராமலிங்கம்:
பிறந்தகக்குடிப்பெயர் எனச் சேர்த்தெழுதுக. 20.

கயல்:
சேர்த்தால் படிக்க முடியாது, ஐயா. என் ஓட்டு பிறந்தகப் பெயருக்கு.

மாறன்:
எனக்கும் அதுவே. டச்சுக்காரிக்கும் பொருந்தும், இரண்டு முறை மணந்தவளுக்கும் பொருந்தும்.

செல்வி:
சரி, பிறந்தகப் பெயர். ‘பிறந்த குடும்பத்தில் முதற்பெயரோடு சேர்ந்து வந்த பெயர், முந்தைய கணவரின் பெயரை எழுத வேண்டாம்’ என்று அடிக்குறிப்பு கொடுக்கிறேன். கான்சார்ட் அன்பரசு சொன்னபடியே.

அன்பரசு:
கல்யாணத்தில் மணமகளின் பெயரையே மாற்றும் குடும்பங்கள் நம்மிடம் உண்டு. அவர்கள் இந்தக் கட்டத்தில் பழைய முதற்பெயரை எழுதுவார்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

புலவர் இராமலிங்கம்:
என்னுடையதையும். காரணம் வேறு.