வளைவுணர் நார், எதிர்த்திருப்பி: இரண்டு சொற்கள் பற்றி

தம்பி, கொழுந்தெடுக்கிறவர்களின் கழுத்து எப்படி வளைகிறது என்று பார்க்கும் உங்கள் ஆய்வில், கழுத்தில் ஒட்டுகிற ஒளி நார்க் கருவிக்கு நீங்கள் வைத்த ‘ஒளியிழை வளைமானி’ என்ற பெயர் எனக்கு இரண்டு இடத்தில் இடறுகிறது. ஒன்று சின்ன விஷயம். இழை தமிழ்நாட்டு வழக்கு, ஹற்றனில் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு அது நார்தான், அப்படியே இருக்கட்டும். மற்றது பெரிசு. மானி என்றால் அந்தப் பொருளை அதுவே அளக்க வேண்டும், இந்த நாரோ வளைவை நேரடியாக அளப்பதில்லை.

இந்த நாருக்குள் இருக்கும் பிராக் நெய்யரி (Bragg grating) எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 1978இல் கனடாவில் கெனத் ஹில்லும் கூட்டாளிகளும் முதலில் செய்து காட்டியது அது. நாரின் உள்ளகத்தில் முறிவுச் சுட்டி (ஒளி எவ்வளவு முறியும் என்று காட்டும் எண்) சம இடைவெளிகளில் ஏறி இறங்கும், அதனால் ஒரேயொரு அலைநீளம் மட்டும் திரும்பி வரும். நார் நீண்டால் அந்த அலைநீளம் நகரும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சும்மா வளைத்தால் உள்ளகம் நடுநிலை அச்சிலேயே, அதாவது நீளவும் சுருங்கவும் செய்யாத நடுக்கோட்டிலேயே, கிடப்பதால் அநேகமாக ஒன்றுமே நகராது. அதனால்தான் ஒரு மெல்லிய பட்டியில், அச்சிலிருந்து தள்ளி ஒட்டுகிறார்கள். 1 மில்லிமீற்றர் தள்ளி ஒட்டி 1 மீற்றர் ஆரைக்கு வளைத்தால் விகாரம் (strain, நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பது) ஆயிரத்தில் ஒன்று, 1550 நானோமீற்றர் அலைநீளம் ஏறத்தாழ 1.2 நானோமீற்றர் நகரும். வளைவு என்பது அதிலிருந்து நாம் கணக்குப் போட்டு எடுப்பது.

அப்படியென்றால் ‘விகார உணரி’தானே சரி என்பீர்கள். கொழுந்தெடுக்கிற அக்காமாரிடம் போய் ‘உங்கள் கழுத்தின் விகாரத்தைப் பார்க்கப் போகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள், கூடையாலேயே அடி விழும்! விகாரம் கணக்குக்குள் இருக்கட்டும், கருவிக்கு ‘வளைவுணர் நார்’ போதும். இன்னொன்று, வெப்பநிலை 1 பாகை ஏறினாலே 10 பிக்கோமீற்றர் (0.01 நானோமீற்றர்) அளவில் நகர்வு வரும். நுவரெலியாவில் காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்தால், வெப்பத்தின் பங்கைக் கழிக்க, இழுவை படாத இரண்டாவது நெய்யரி ஒன்று கட்டாயம் வேண்டும். அதற்கு ‘ஒப்பீட்டு நெய்யரி’ என்கிறேன்.

இனி தசை. மார்பெலும்பு, காறை எலும்பு, காதுக்குப் பின்னால் துருத்தும் கூம்பு, இந்த மூன்றையும் கோர்த்து நீங்கள் செய்த சொல் உடரட்ட ரயில் மாதிரி நீளம். இலத்தீன் பெயரும் (sternocleidomastoid) அப்படித்தான், அதனால் பாடநூலில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வாயில் வருகிற சொல் தேவை. வலப்பக்கத் தசை சுருங்கினால் முகம் இடப்பக்கம் திரும்பும், எனவே ‘எதிர்த்திருப்பி’. வெறும் ‘திருப்பி’ என்றால் பிடரியில் தன் பக்கமே திருப்புகிற தசையோடு குழம்பும். உங்கள் ஆய்வுக்கு இந்தத் தசைதான் முக்கியம் என்றும் நினைக்கிறேன். குனிந்து போன் பார்ப்பவருக்குப் பிடரித் தசைகள்தான் பாரம் தாங்கும், தலையில் மாட்டிய கூடைக் கயிறோ தலையைப் பின்னால் இழுக்கிறது, அதை எதிர்த்து நிற்பது முன்பக்கத் தசைகள்.

அப்புறம், கழுத்தசைவைப் பதிகிற படிவத்தில் எல்லா அசைவையும் ‘வளைவு’ என்று போட வேண்டாம். குனிதல், அண்ணாத்தல், சாய்தல், திரும்புதல் என்று தனித்தனிச் சொல் இருக்கிறதே. பிடரி வழியே ஒட்டிய நார் முதல் இரண்டையும் நன்றாகப் பிடிக்கும். திரும்புதலில் ஏறத்தாழப் பாதி முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையிலேயே நடந்துவிடுவதால் பிடரி பெரிதாக வளையாது, அதற்கு வேறு உணரி பாருங்கள்.

பிடரியிலிருந்து தோளுக்குப் பரந்த சரிவகத் தசையின் (trapezius) பெயரைத் தொட வேண்டாம், அது நல்ல சொல். அதே வடிவகணித வழியில் கழுத்தோரத்து மூன்று தசைகளுக்கு (scalene) ‘சமனில்பக்கத் தசை’ வரும், ஆனால் நாக்கு சுளுக்கும். இதைவிடச் சுருக்கமாக யாராவது ஒன்று வையுங்கள்.