அம்மா ஹெம்ப் எண்ணெய் கொண்டுவருகிறார், தாளிக்கலாமா?

புதிதாக வந்தவள், கோலாலம்பூர்:
வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. கணவருக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தூக்கமே இல்லை. ஹெம்ப் விதை எண்ணெயில் ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு இருக்கிறது என்று தம்பி கோவையில் இரண்டு பாட்டில் வாங்கிவிட்டான். அம்மா நாளை இரவு விமானம் ஏறுகிறார். தாளிக்க, தோசைக்கு இதையே ஊற்றலாமா? ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி?

செந்தூல்காரர்:
முதலில் வெளிச்சாப்பாட்டை நிறுத்துங்கள். 2011இல் வந்தபோது பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். சமைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் காலையும் இரவும் ரொட்டி சானாய் என்ற இந்த ஊர்ப் பரோட்டா, தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீர். எட்டு கிலோ ஏறியது. ஊருக்குப் போன் செய்தால் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்பேன்.

பெட்டாலிங் ஜெயா வாசி:
ஊரில் ஒரு வருடம் பயன்படுத்தினேன். நல்ல எண்ணெய். பாதிக்கு மேல் ஒமேகா 6, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒமேகா 3. ஆனால் தாளிக்காதீர்கள், சூடு தாங்காது. இட்லிப் பொடியில் நல்லெண்ணெய்க்குப் பதிலாகக் குழைக்கலாம், தயிர்ப் பச்சடியில் மேலே விடலாம். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

கிள்ளான் அண்ணன்:
ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, அது எந்த எண்ணெயாக இருந்தாலும் சரி. ஹெம்ப் விதையில் புரதம் உண்டு, பிழிந்த எண்ணெயில் கிடையாது. தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி தேங்காய் எண்ணெயிலேயே சமைத்து 90 தாண்டினார்.

செந்தூல்காரர்:
பாட்டி நாள் முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அண்ணே. நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நல்லெண்ணெய் விலையைப் பார்த்தீர்களா? வாடகையும் ஏறிவிட்டது, சம்பளம் மட்டும் அப்படியே நிற்கிறது.

பினாங்கு அக்கா:
விலைவாசியை அப்புறம் பேசலாம். தங்கச்சி, பாட்டில் இன்னும் கோவையில்தானே இருக்கிறது? இப்போதே அம்மாவுக்குப் போன் போட்டுப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லும்மா. ஹெம்ப், கஞ்சா இனச் செடி. இந்தியாவில் 2021 நவம்பரில் விதையையும் எண்ணெயையும் உணவாக விற்க அனுமதித்தார்கள். அந்த அனுமதி இங்கே செல்லாது. மலேசியாவில் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. விதையில் போதை இல்லை என்று அம்மா விமான நிலையத்தில் நின்று சுங்க அதிகாரிக்கு விளக்கும் நிலை வேண்டாம்.

அதில் இருக்கும் நல்லது வேறு வழியில் கிடைக்கும். சௌ கிட் பசாரில் காலையில் கெம்போங் மீன் வாங்கு, நம் ஊர்க் கானாங்கெளுத்திதான். வாரம் இரண்டு முறை குழம்பு வை. மீனின் ஒமேகா 3 உடம்புக்கு நேராகப் பயன்படும். விதை எண்ணெயில் இருப்பதை உடம்பு கொஞ்சமாகத்தான் அப்படி மாற்றிக்கொள்ளும்.

ட்ரைகிளிசரைடு எவ்வளவு என்று நீ சொல்லவில்லை. இங்கே அறிக்கை மில்லிமோல் என்ற அளவில் வரும், ஊரில் மில்லிகிராமில் 150 என்று பார்க்கும் எல்லை இங்கே 1.7. எண் 5.6ஐத் தாண்டியிருந்தால் கணையத்துக்கு ஆபத்து, உடனே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரையும் மதுவும் இதை ஏற்றும். தே தாரிக்கை விட்டுவிட்டு 'தே ஓ கோசோங்' கேட்கச் சொல். பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வரும்.

புதிதாக வந்தவள்:
அம்மா எடுத்துவிட்டார், அக்கா. அறிக்கையில் 3.1 என்று இருக்கிறது. நாங்கள் சைவம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பினாங்கு அக்கா:
சரி, அப்படியானால் ஆளிவிதை. லேசாக வறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்து ஃபிரிட்ஜில் வை. ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் ஒன்றரை கிராம் அளவுக்கு ஒமேகா 3 உண்டு. ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் என்பது கணக்கு. மோரிலோ இட்லிப் பொடியிலோ கலந்து கொடு, நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரைக் கேட்ட பிறகு தொடங்கு.